என் வாசலில் துப்பாதவர்

அவர் துப்பி நான் பார்த்ததே இல்லை. அதாவது ஒரே ஒரு தடவை பார்த்தேன், அதைப் பிறகு சொல்கிறேன். பத்தொன்பது வருஷம் எங்கள் வீட்டுத் தறியில் உட்கார்ந்தவர். வாசலிலோ கொல்லையிலோ தெருச் சாக்கடையிலோ ஒரு சொட்டு எச்சில் விட்டதில்லை. எங்கள் சின்ன காஞ்சிபுரத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நாள் முழுக்கத் தறிக்கு அடியில் இருக்கிற குழியில் காலை விட்டு உட்கார்ந்திருக்கிற நெசவாளிக்கு எழுந்து வெளியே வர ஒரு சாக்கு வேண்டும். பாதிப் பேருக்கு அந்தச் சாக்கு துப்புவதுதான்.

பெயர் வேண்டாம். எங்கள் தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பக்கத்துக் கிராமம் கூரத்திலிருந்து வந்தவர், அதனால் கூரத்தான். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். வா போ என்றுதான் பேசினேன். இப்போது எழுதும்போது கை கூரத்தார் என்று எழுதுகிறது. எழுதட்டும்.

கூரத்தார் என்றால் தெருவில் எல்லோருக்கும் நினைவிருக்கும். கூடவே இன்னொன்றும் நினைவிருக்கும். குடித்துக் குடித்து ஈரல் கெட்டுப் போய்ச் செத்தவர் என்று. அந்த இன்னொன்றைத் தெருவில் சொன்னது நான். இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அதுதான்.

எங்கள் வீட்டில் நான்கு தறி ஓடிய காலம் அது. வீட்டுக்காரர் கடைகளுக்கு அலைவார். தறிவீடு என் பொறுப்பு. நான் நான்காம் வகுப்போடு நின்றவள், பஸ் பலகையை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவில் ஓர் இழை விலகி ஓடினால் நடையில் நின்றபடியே சொல்லிவிடுவேன். ஆண்பிள்ளைகள் நான்கு பேரும் என் வாயைப் பார்த்துத்தான் வேலை செய்தார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மற்ற மூன்று தறியிலும் எங்கள் சொந்தக்காரர்கள். ஒன்றில் என் கொழுந்தனார். வாய் நிறைய வெற்றிலையும் புகையிலையும் வைத்துக்கொண்டு, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து போய் வாசல் சாக்கடையில் துப்பிவிட்டு வருவார். தினமும் காலையில் வேலைக்கு முன்னால் வாசல்படியில் உட்கார்ந்து பத்திரிகையைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டுப் படிப்பார். இன்றைக்கும் படிக்கிறார். நான்காவது தறியில் கூரத்தார்.

ஒல்லியான ஆள். முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. ஈறு எப்போதும் கருஞ்சிவப்பாக, ஊறிப்போனது போல வீங்கி இருக்கும். சிரிப்பு வந்தால் தோள் துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டு சிரிப்பார். பாவில் இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு, மிச்ச நுனியைப் பல்லால் கடிப்பார். மற்றவர்கள் கடித்த நுனியைத் தூவென்று துப்புவார்கள். இவர் முழுங்கிவிடுவார்.

நான் ஒருநாள் கேட்டேன்.

"ஏம்பா, இத்தினி நூல முழுங்குறியே, வயித்துக்குள்ள தனியா ஒரு பொடவ நெய்யிறியா?"

துண்டை வாயில் வைத்துக்கொண்டார். "கரையெல்லாம் ஏத்தியாச்சு மா. முந்தி மட்டுந்தான் பாக்கி."

தறிவீடே சிரித்தது. ஊடை நூலைக் குறுக்கே இழுத்துப்போகிற நாடாவை நிறுத்திவிட்டுச் சிரித்தோம்.

சாப்பாட்டுக்குப் பிறகு கொல்லைக்குப் போய் வாய் கொப்பளிப்பார். கன்னம் இரண்டும் உப்ப, குளுகுளுவென்று சத்தம் வர, நன்றாகவே கொப்பளிப்பார். பிறகு அந்தத் தண்ணீரை அண்ணாந்து முழுங்கிவிடுவார். பார்க்கிறவர்களுக்குக் குமட்டும். கேட்டால் ஒரே பதில். "உள்ள போனா சரியாப் பூடும் மா."

எல்லாவற்றுக்கும் அவருக்கு அதுதான் பதில். கோபம் வந்தாலும், கொழுந்தனார் வேண்டுமென்றே சீண்டினாலும், உள்ளே போனால் சரியாகப் போய்விடும்.

என் மகன் ஒரு பெண்ணை விரும்பி, அது தெருவுக்கெல்லாம் தெரிந்து, கடைசியாக எனக்குத் தெரிந்தபோது வீடு இரண்டுபட்டது. அந்தப் பெண் கூரத்துப் பக்கம். அவர் வருகிற பஸ்ஸில்தான் வருவாள். நான் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் மா."

"எத்தினி நாளா?"

"போன ஆடியிலேர்ந்து."

"அடப்பாவி! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"வாய் வரைக்கும் வந்துது மா. முழுங்கிட்டேன்."

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் யோசித்துப் பார்த்தேன். ஒரு வீட்டுப் பேச்சை இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோகாத ஆள் இந்தத் தெருவில் வேறு யார்? அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொல்லாததையெல்லாம் அவர் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். வீட்டுக்காரர் இறந்த பிறகு ரொம்பவே சொன்னேன். அவர் நாடாவை ஓட்டிக்கொண்டே கேட்பார். ஒன்றும் வெளியே போகாது. அவர் என்னிடம் எதுவும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. எத்தனை பிள்ளைகள் என்பதுகூட அவர் போன பிறகுதான் எனக்குத் தெரியும்.

மற்றவர்களைத் திட்டும்போது அவரைத்தான் எடுத்துக்காட்டுவேன். "கூரத்தானப் பாருங்க. குழியில எறங்குனா சோத்துக்குத்தான் எழுந்திரிப்பான். உங்கள மாதிரி துப்புறேன் துப்புறேன்னு தெருவ வேடிக்க பாக்கப் போறானா?" அவர் தலையைக் குனிந்துகொள்வார். புகழ்ந்தால் கூச்சப்படுகிற ஆள் என்று நினைத்தேன்.

அவர் ஏன் துப்புவதில்லை என்பதை இவ்வளவு நேரம் தள்ளிப் போட்டுவிட்டேன்.

அவர் வந்து இரண்டாம் வருஷம், வைகாசி. கருட சேவைக்கு ஊர் நிறைந்து கிடந்தது. சந்தன நிறத்தில் ஒரு முகூர்த்தப் புடவை அவர் தறியில். கை நிதானம் உள்ள ஆள் என்று நான்தான் அதை அவரிடம் கொடுத்தேன். இழை அறுந்தது, கடித்தார். ஈறிலிருந்து ரத்தம் வந்து புடவையில் கடுகளவு ஒரு புள்ளி விழுந்துவிட்டது.

நான் நடையில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் பதறவில்லை. வெள்ளை நூல் ஒன்றை வாயில் நனைத்து, அந்தப் புள்ளியில் ஒற்றி ஒற்றி எடுத்தார். நம்முடைய ரத்தக் கறையை நம்முடைய எச்சிலே எடுத்துவிடும் என்று ஊசி, நூல் பிடிக்கிற எல்லோருக்கும் தெரியும். புள்ளி மறைந்தது. பிறகு குழியிலிருந்து எழுந்து, என்னைத் தாண்டி வாசலுக்குப் போய், சாக்கடையில் துப்பினார். சிவப்பாக விழுந்தது. அதுதான் நான் பார்த்த ஒரே தடவை.

கல்யாணப் புடவையை எச்சில் பண்ணிவிட்டானே என்ற கோபம் எனக்கு. உள்ளே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். வாசலிலேயே, திருவிழாக் கூட்டம் போய்க்கொண்டிருக்கும்போதே கத்தினேன்.

"உன் வாயில இருக்கிறது என் வீட்ல எங்கியும் விழக்கூடாது. பட்டுலயும் விழக்கூடாது, வாசல்லயும் விழக்கூடாது, இந்தத் தெருவுலயே விழக்கூடாது. புரியுதா?"

அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "சரி மா."

கொழுந்தனார் அப்போதுதான் எழுந்து வந்தார். வாய் நிறைய வெற்றிலைச் சாறு. அதே சாக்கடையில், அதே இடத்தில் துப்பிவிட்டுச் சொன்னார்.

"என்னா அண்ணி, சாக்கடைக்குக்கூட இனிமே ஆள் பாத்துத்தான் வுடணுமா?"

நான் சிரித்தேன். அவர் துப்பியதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அவர் எங்கள் ஆள்.

கூரத்தார் குழியில் இறங்கி உட்கார்ந்து நாடாவை எடுத்தார். அந்தப் புடவை முடிந்தது, கடைக்குப் போயிற்று, யாரோ ஒரு பெண் அதை உடுத்திக்கொண்டு மணையில் உட்கார்ந்திருப்பாள். எச்சில் பட்டது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. வாசலில் அவ்வளவு கத்தியவள் அதை மட்டும் சொல்லவில்லை.

நான்கைந்து நாள் கழித்து எனக்கே ஒருமாதிரி இருந்தது. அவருக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுக்கும்போது சொன்னேன். "பட்டுக்காகத்தான்பா அப்டிச் சொன்னேன். மனசுல வெச்சிக்காத."

"தெரியும் மா," என்றார். ஒரு வாய் குடித்தார். "எங்க தாத்தாவுக்கும் இந்தத் தெருவுல இதயேதான் சொல்லியிருக்காங்க. எரு வண்டி ஓட்டிக்கினு வருவாராம். அப்ப அவரு கையில பட்டு இல்ல."

எனக்குப் புரிந்தது. புரியாதது போல, அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அதற்கு முன்னால் அவர் துப்பினாரா என்று நான் கவனித்ததில்லை. அதற்குப் பிறகுதான் எல்லாவற்றையும் முழுங்க ஆரம்பித்தார்.

வருஷம் ஆக ஆக அவர் வாயில் வீச்சம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசுகிற நான் மெல்ல இரண்டடி தள்ளி உட்கார்ந்தேன். அவர் காப்பிக்கு என்று ஒரு டம்ளரைத் தனியாக வைத்தேன். மாறிவிடக் கூடாது என்று அடியில் ஆணியால் ஒரு கோடு கீறினேன். வாய் நாற்றத்துக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொழுந்தனார் வாயும் நாறத்தான் செய்யும். அவர் டம்ளரில் கோடு இல்லை.

பிறகு வயிறு உப்புசம் என்றார். சாப்பிட்டால் நெஞ்சு வரைக்கும் நிற்கிறது என்றார். எனக்கும் அந்தக் கோளாறு உண்டு, டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை உண்டு. காலையில் வெறும் வயிற்றில் போடுவது.

"இந்தா, ஒண்ணு போடு. புளிச்ச ஏப்பமெல்லாம் நின்னுடும்."

போட்டார். நின்றது. தினமும் கொடுத்தேன். மூன்று வருஷம் இருக்கும். என் அட்டையிலிருந்து எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. டாக்டர் செலவில்லாமல் ஓர் ஆளைச் சரிபண்ணிவிட்டேன் என்று அதிலும் எனக்கு ஒரு பெருமை.

ஒருநாள் ஜன்னல் வெளிச்சத்தில் அவர் கண்ணைப் பார்த்தேன். வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது. கால் வீங்கியிருந்தது. ஆள் இளைத்து வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருந்தது.

"என்னாபா இது வயிறு?"

"பொடவ முடிஞ்சிடிச்சு போல மா. அறுத்து எடுக்க வேண்டிதுதான்," என்று துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. எங்கள் தெருவில் மஞ்சள் கண்ணும் வீங்கிய வயிறுமாகப் போனவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் குடிகாரர்கள். அதனால் எனக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தெரியும்.

"உண்மையச் சொல்லு. குடிக்கிறியா?"

"இல்ல மா."

"வாய் நாறுது, கண்ணு மஞ்சளிச்சிருக்குது. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"நா தொட்டதில்ல மா."

மூன்றாம் தடவை கேட்டபோது பேசாமல் இருந்தார். முழுங்குகிற ஆளாயிற்றே. முழுங்கியதை, அவர் ஒப்புக்கொண்டதாக நான் எடுத்துக்கொண்டேன்.

அந்த ஐப்பசியில் ஒரு காலை, பத்து மணி இருக்கும். அரக்கு ஊடை ஓட வேண்டிய புடவையில் பச்சை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சாண் நீளம் ஓடிவிட்டது. அவர் அதையே பார்த்துக்கொண்டு, கை நடுங்க, நாடாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விட்டுக்கொண்டிருந்தார். என்ன இது என்றேன். பதில் குழறியது. இன்றைக்கு என்ன கிழமை என்று என்னையே கேட்டார். கையை நீட்டினால் காக்காய் இறகு அடிப்பது போல மணிக்கட்டு அடித்துக்கொண்டது.

கொழுந்தனார் பக்கத்துத் தறியிலிருந்து சொன்னார். "காலங்காத்தாலயே ஏத்திக்கினு வந்துட்டான் அண்ணி."

"எழுந்திரு," என்றேன். "என் தறிய விட்டு எழுந்திரு."

அவரால் குழியிலிருந்து ஏற முடியவில்லை. இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். வாசல்படியில் நின்று திரும்பி, "அந்த டம்ளர எடுத்துக்கவா மா? வேற யாரும் குடிக்க மாட்டாங்கல்ல," என்றார். அந்தக் குழப்பத்திலும் அது அவருக்கு நினைவிருந்தது. எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் அவர் வீட்டுக்காரம்மா வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"அவரு குடிக்க மாட்டாரு மா. என் புள்ளங்க மேல சத்தியமா. ஒடம்புக்கு என்னான்னே தெரியல. நீங்க ஒரு வார்த்த தெருவுல சொன்னீங்கன்னா அதுதான் நிக்கும். அப்டிச் சொல்லாதீங்க மா."

"நா பாத்தததான் சொல்றேன்," என்றேன்.

குழாயடியிலும் கோயிலிலும் சொன்னேன். பத்தொன்பது வருஷம் சோறு போட்ட தறியைக் குடியால் கெடுத்துக்கொண்டான் என்று சொன்னேன். நல்ல நெசவாளி போய்விட்டானே என்ற வருத்தத்தில் சொன்னதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். தை பிறக்கும் முன் போய்விட்டார். நான் போகவில்லை. அவர் போய் நான்கு வருஷம் ஆகிறது.

சென்ற வருஷம் எனக்குப் பல் துலக்கினால் ரத்தம் வர ஆரம்பித்தது. மகன் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப் போனான். சின்னப் பெண். என் வாய்க்குள் விளக்கைக் காட்டி வெகு நேரம் பார்த்தாள். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்டாள். அந்த அட்டையை எடுத்து நீட்டினேன்.

"இத எவ்ளோ வருஷமா போடுறீங்க பாட்டிமா?"

"பத்துப் பன்னெண்டு இருக்கும்."

"தினமும் போடணுமான்னு எழுதிக் குடுத்த டாக்டர்கிட்ட ஒருவாட்டி கேளுங்க. நம்ம வாயில ஏகப்பட்ட கிருமி இருக்கு. ஈறு கெட்டுப்போச்சுன்னா கெட்ட கிருமி ஜாஸ்தி ஆயிடும். எச்சியோட சேந்து நாள் பூரா உள்ள போயிக்கிட்டே இருக்கும். வயித்துல இருக்கிற ஆசிட்தான் அதுல முக்காவாசியக் கொல்லும். இந்த மாத்திரை அந்த ஆசிடக் கொறைக்குது. அப்ப உசுரோட குடலுக்குப் போயிடும்."

"போனா?"

"குடல்ல இருக்கிற நல்ல கிருமியோட எடத்தப் புடிச்சிக்கும். குடலோட சுவர் பழுதாகும். குடல்லேர்ந்து போற ரத்தம் நேரா ஈரலுக்குத்தான் போகுது. அந்த அழுக்கெல்லாம் அது தலையிலதான் விழும். நல்ல ஈரலா இருந்தா சமாளிக்கும். ஏற்கெனவே அடிபட்ட ஈரலா இருந்தா..." என்று கையை விரித்தாள்.

நாற்காலியில் சாய்ந்து கிடந்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். "குடிக்காதவங்களுக்குக்கூட ஈரல் கெடுமா?"

"தாராளமா கெடும். சுகர், மஞ்சக்காமாலைக் கிருமி, எவ்ளோ காரணம் இருக்கு."

"கை நடுங்கி, கெழமகூட மறந்துபூடுமா?"

"ஈரல் ரொம்பக் கெட்டுப்போச்சுன்னா ஆகும். ரத்தத்துல விஷம் ஏறி மூளைக்குப் போயிடும். பாக்குறவங்க குடிச்சிருக்காருன்னு நெனப்பாங்க. யாருக்கு பாட்டிமா?"

சொன்னேன். எச்சிலைக்கூடத் துப்பாமல் முழுங்கிய ஒருவர் என்றேன். துப்பியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "துப்புறதுல ஒண்ணுமில்ல பாட்டிமா. எல்லாரும் எச்சிய முழுங்கத்தான் செய்றோம். வாய் மட்டுமே காரணம்னும் சொல்ல முடியாது. ஆனா ஈறுக்கு வைத்தியம் பாத்திருந்தா அவ்ளோ அழுக்கு உள்ள போயிருக்காது. ஏன், அவர் வாயில ரத்தம் வர்றத யாருமே பாக்கலயா?"

அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். துப்பியிருந்தால் சிவப்பாக விழுந்திருக்கும். சாக்கடையோரம் தினமும் சிவப்பாக விழுந்திருந்தால் யாராவது ஒருத்தர், நானேகூட, என்னாபா இது ரத்தம், போய்க் காட்டு என்று சொல்லியிருப்போம். பார்க்க வேண்டியதைப் பார்க்க முடியாமல் பண்ணியது நான். ரத்தத்தை உள்ளே அனுப்பினேன், அதைத் தொடர்ந்து மாத்திரையையும் அனுப்பினேன்.

அடுத்த வாரம் கூரத்துக்குப் போனேன். பஸ்ஸில், தனியாக. வீட்டைக் கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். அந்தம்மா என்னைப் பார்த்து ஒரு நொடி நின்றாள். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளரின் அடியில் விரலுக்கு ஒரு கீறல் தட்டுப்பட்டது.

"உங்க வூட்டு டம்ளர்தான் மா," என்றாள்.

வாய் வைத்துக் குடித்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரையைச் சொன்னேன், டாக்டர் பெண் சொன்னதைச் சொன்னேன். முடித்த பிறகு அவள் சொன்னாள்.

"பெரியாஸ்பத்திரியிலயும் சொன்னாங்க மா. சின்ன வயசுல வந்த மஞ்சக்காமாலக் கிருமி ரத்தத்துலயே தங்கிடிச்சாம். வாயப் பாத்துட்டு, இத்தினி வருஷமா ஏன் காட்டலன்னு அவரத் திட்டுனாங்க. வூட்டுக்கு வந்ததும் தெனிக்கும் அந்த வேலியோரம் நின்னு துப்புவாரு மா. செவப்பு செவப்பா. நா கத்துவேன், போய்க் காட்டுய்யான்னு. 'காலையிலேர்ந்து அடக்கி வெச்சிருந்தேன், அதான் இவ்ளோ வருது'ம்பாரு."

என்னால் அந்த வேலியைப் பார்க்க முடியவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன்மா," என்றேன். எனக்கு எழுபத்திரண்டு வயது. இந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அவள் அழவில்லை, என் கையைப் பிடிக்கவுமில்லை. "எங்கிட்ட சொல்லி என்னா மா ஆவப்போவுது? எனக்குத்தான் அப்பவே தெரியுமே. என் பொண்ணக் கேட்டு வர்றாங்க. வந்து உக்காந்ததும், 'அப்பா குடிச்சே போனாராமே, காஞ்சிபுரத்துல சொன்னாங்க'ன்றாங்க. ரெண்டு எடம் கைவிட்டுப் போச்சு. உங்க தெருவுல சொன்னத உங்க தெருவுலயே போய் மாத்திச் சொல்லுங்க மா. அது போதும் எனக்கு."

சொல்கிறேன் என்றேன். பஸ்ஸில் வரும்போது எப்படிச் சொல்வது என்று வார்த்தை வார்த்தையாகக் கோத்துக்கொண்டே வந்தேன். தெரு முனையில் திரும்பினேன். சாயங்காலம், குழாயில் தண்ணீர் வருகிற நேரம், பெண்கள் எல்லோரும் குடத்தோடு நிற்கிறார்கள். கொழுந்தனார் படியில் உட்கார்ந்திருக்கிறார்.

"எங்க போயி வர்றீங்க அண்ணி, வெயில்ல?"

"கூரம்."

"அந்தக் குடிகாரன் வூட்டுக்கா? எதுக்கு?"

நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். வார்த்தை நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால், அதே வாசலில், நான் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும். தறிவீட்டில் என் சொல்லே சொல் என்று இருந்தவள் நான்.

"சும்மாதான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

எட்டு மாதம் ஆகிறது. ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று இருக்கிறேன். கூரத்தாரைக் கேட்டால், உள்ளே போனால் சரியாகப் போய்விடும் என்பார். போகவில்லை.

அதனால்தான் இதை எழுத்துக் கூட்டி எழுதினேன். ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் ஆயிற்று. அச்சில் வந்தால் ஒருநாள் காலையில் கொழுந்தனார் கைக்கு வந்துவிடும். வாசல்படியில் உட்கார்ந்து, எப்போதும் போலத் தெருவுக்கே கேட்கப் படிப்பார். குழாயடி வரைக்கும் கேட்கும். நான் உள்ளே கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன்.

கொழுந்தனாரே, இந்த இடத்துக்கு வந்ததும் எழுந்து போய் வாயில் இருப்பதைத் துப்பிவிட்டு வாருங்கள். வார்த்தை குழறக் கூடாது. இதைக் கொஞ்சம் சத்தமாகப் படியுங்கள்: கூரத்தார் ஒருநாளும் குடித்ததில்லை. குடித்தார் என்று சொன்னது உங்கள் அண்ணி. அது பொய்.